மதுராவின் வாசலுக்கு ஒரு பூப்பாத்தி

1

ஒரு வீட்டு வாசலில் பூப்பாத்தி போட மூன்று வருடமா என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். அங்கே நந்தியாவட்டைக் கொப்பு ஒன்றை முறித்து ஊன்றிவிட்டால் அடுத்த மழையோடு அது தன் பாட்டில் பூக்கும். செவ்வரத்தைக்கு யாராவது திட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் என் மகள் மதுரா, "அப்பா, என்ர வீட்டு முன்பக்கத்துக்கு ஒரு பூப்பாத்தி பிளான் பண்ணித் தாங்கோ" என்று கேட்டு இந்தக் கிழமையோடு மூன்று வருடம் முடிகிறது. நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். ஒக்லாந்தில், பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையின் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரா எங்களுக்கு ஒரே பிள்ளை. இரண்டு வயதில் அவளைக் கையில் தூக்கிக்கொண்டு ஒக்லாந்துக்கு வந்து இறங்கினோம். அங்கே ஒடாஹுஹுவில்தான் வளர்ந்தாள். மருந்தாளராகப் படித்து முடித்ததும் தென்தீவில், ஒட்டாகோவின் உட்பகுதியில் ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்தது. போய், அங்கேயே ஒரு சிறிய வீட்டையும் வாங்கிவிட்டாள். ஒக்லாந்துக் குளிர் மழைக் குளிர். எலும்பை நனைக்கும், ஆனால் கொல்லாது. அவளுடைய ஊரில் மாரி காலத்தில் காலையில் எழும்பினால் குழாயில் தண்ணீர் வராது. உள்ளே உறைந்து போயிருக்கும்.

அவள் வெளிக்கிட்ட அன்று என் மனைவி பவளம் ஒரு பெட்டியில் சின்னக் குத்துவிளக்கு, பிள்ளையார் படம், திரிக்கட்டு, விபூதி எல்லாம் வைத்து ஒட்டி, மேலே "சாமி" என்று பெரிதாக எழுதிக் காரின் பின் ஆசனத்தில் ஏற்றிவிட்டாள். அந்தப் பெட்டி திறக்கப்பட்டதா, அந்த வீட்டில் விளக்கு எரிகிறதா, அதற்கு முன்னால் ஒரு பூ வைக்கப்படுகிறதா என்பதுதான் என் கவலை. மூன்று வருடமாக அது ஒன்றுதான்.

கேட்டால் தெரிந்துவிடும் என்பீர்கள். கேட்க என்னால் முடியாது. அவளுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வரமாட்டேன் என்று நின்றாள். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. "அப்பா, நீங்கள் சொல்லித்தான் நான் கும்பிடவேணுமெண்டா, அந்தக் கும்பிடு ஆருக்கு? சாமிக்கோ, உங்களுக்கோ?" என்று கேட்டாள்.   அன்றிலிருந்து நான் அவளை அதைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆகவே பூப்பாத்தி போட்டுத் தரச் சொன்னபோது என் மனம் எங்கே ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2

ஞாயிறு தோறும் வீடியோவில் கதைப்போம். மதுரா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைக் காட்டுவாள். நான் வாசலைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவைப் பார்ப்பேன்.

"வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் என்ன அறை, பிள்ளை?"

"ஏனப்பா, மோர்னிங் சன்னுக்கோ?"

"ஓம் ஓம். வெயிலுக்குத்தான்."

"கிழக்கால லோண்ட்ரி."

உடுப்புத் தோய்க்கிற இடம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு வடகிழக்கு மூலையைப் பற்றிக் கேட்டேன்.

"அதில ஃபிரிட்ஜ் நிக்குது. அங்க பூக்கண்டு வைக்கேலாதப்பா!"

போனை வைத்ததும் பவளம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையிட்ட நேர கேட்டா என்ன? கண்டு நடுறன் எண்டு சொல்லி வீட்டைச் சுத்தி உளவு பாக்கிறியள்."

"நான் எங்க உளவு பாத்தனான்? பாத்திக்கு வெயில் எந்தப் பக்கத்தால வருது எண்டு தெரியவேணும்."

"வெயில் ஃபிரிட்ஜுக்குள்ளால வருமோ?"

கிட்டங்கியில் இருந்து நல்ல மட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன் பின்பக்கத்தில் பாத்தியை வரைந்தேன். ஒரு வேட்டியை விரித்த நீளம், அதன் அகலம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு. எந்த மாதத்தில் எது பூக்கும் என்று தமிழ் மாதங்களைப் போட்டு எழுதினேன். எந்தக் காலையில் அவள் கதவைத் திறந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பூ இருக்கவேண்டும். கடைப்பூ வேண்டாம். தன் மண்ணில், தன் கை ஊற்றிய தண்ணீரில் பூத்த பூ. பூ அங்கே இருந்தால் கை ஒரு நாளைக்குத் தானாகப் பறிக்கும், பறித்த கை வைக்க இடம் தேடும். இதுதான் என் திட்டம். மட்டையில் இதை எழுதவில்லை.

குளிர் தாங்கும் செடிகளை இங்கே பெரெனியல் என்கிறார்கள். ஒருமுறை நட்டால் பல வருடம் இருக்குமாம். எங்கள் ஊர் நித்தியகல்யாணி போல வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டு நிற்கும் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். மதுரா மட்டையை வீடியோவில் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, ஜூன், ஜூலை, ஓகஸ்ட்ல இதெல்லாம் மண்ணுக்குள்ள போய்ப் படுத்திடும். மேல ஒண்டுமே இருக்காது. ஸ்பிரிங்ல திரும்ப எழும்பும். அதுதான் பெரெனியல்."

"படுத்திடுமோ? எல்லாமோ?"

"எல்லாம்."

வைகாசியில் இருந்து ஆவணி வரைக்கும் வெறும் மண். அந்த மாதங்களில் பிள்ளை என்ன செய்வாள்? என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். சண்டையில் இடம்பெயர்ந்து நாங்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரோடு ஊராகக் கிடந்த நாட்களில், சமைக்கச் சட்டி இல்லாமல் இருந்தோம். அப்போதும் அம்மா விடியப்புறம் எழும்பிப் போய், யாரோ ஒருவருடைய வேலியில் இருந்து ஒரு பூவோடு வருவார். கரும்பலகைக்குக் கீழே, சுவரில் சாய்த்து வைத்த படத்துக்கு அதை வைப்பார். எங்களுக்கு அந்த மூலைதான் வீடு. விளக்கில்லாத இடத்தில் படுத்தெழும்பலாம், வீடு என்று சொல்ல முடியாது என்பது எனக்கு அங்கே ஊறிப்போனது. ஆகவேதான் பயப்படுகிறேன். என் பிள்ளைக்கு வீடு இருக்கிறது, சூடுகாட்டும் பெட்டி இருக்கிறது, இரட்டைக் கண்ணாடி யன்னல் இருக்கிறது. வீடு இருக்கிறதா?

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். என் மட்டையில் பாத்தி ரோட்டுக்கரை வரைக்கும் போயிருந்தது. வேலியோரப் புல்வரி நகரசபைக்குச் சொந்தமாம். மதுரா கேட்டு எழுதினாள். மறுமொழி வர ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. நடலாம், ஆனால் முழங்காலுக்கு மேல் வளரக்கூடாது, கார் ஓட்டுகிறவர்களின் பார்வையை மறைக்கக்கூடாது. எங்கள் வேலிகளில் பூவரசு எவ்வளவு உயரம் நின்றது, அதற்குள்ளால் எப்படிச் சைக்கிளில் வந்தோம் என்று யோசித்தேன். மட்டையைத் திருப்பி வைத்து, பாத்தியை உள்ளே தள்ளித் திரும்ப வரைந்தேன்.

3

ஆல்பனிப் பக்கம் ஒரு பூக்கண்டுக் கடை இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்து பாலம் கடந்து போகவேண்டும். அங்கே வேலை செய்கிற ரூத் என்ற பெண் என்னை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"குளிர் நாட்களில் பூக்கிறது ஒன்று வேணும்" என்றேன். "நடு மாரியில். ஒன்றாவது போதும்."

ஹெலிபோர் என்று ஒன்றைக் காட்டினாள். தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் வெள்ளைப் பூ. பனிக்குள்ளும் பூக்கும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு, "கவனம், சாறு கையில் படக்கூடாது, நஞ்சு" என்றாள். அலரியும் நஞ்சுதான், எங்கள் அம்மனுக்கு அதைத்தானே மாலை கட்டுகிறோம். வாங்கினேன்.

அடுத்ததாக ஒரு பையைத் திறந்து காட்டினாள். உள்ளே இராசவள்ளிக் கிழங்குத் துண்டு போல, மண்ணிறமாய், சிவப்பு முளை தள்ளிய ஒரு வேர். பியோனியாம். பையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிடப் போனது. வெள்ளைத் தாமரையேதான். தண்ணீரில் நிற்காத தாமரை.

"இதை இங்கே நட்டால் இலைதான் கிடைக்கும்" என்றாள் ரூத். "இதற்கு நல்ல குளிர் வேண்டும். உன் மகளின் ஊர் சரி. நடும்போது..."

அந்த நேரம் வேறொருவர் அவளைக் கூப்பிட்டார். "தெரியும் தெரியும்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கிழங்கு நடுவதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா?

ஜூன் மாத நீண்ட வார இறுதிக்குப் பவளமும் நானும் விமானம் ஏறினோம். பியோனி வேர்கள் என் சேட்டுகளுக்கு நடுவே, பூக்கண்டுகள் பவளத்தின் மடியில்.

4

விமானத்திலேயே பவளம் என்னை எச்சரித்துவிட்டாள். "நான் அங்க போய் ஒண்டும் தேட மாட்டன். நீங்களும் தேடக்கூடாது. அது அவளின்ர வீடு. அலுமாரி திறக்கிறது, கதவுக்குப் பின்னால எட்டிப் பாக்கிறது, ஒண்டும் கூடாது."

"நான் என்ன பொலிசோ?"

"உங்களை எனக்குத் தெரியாதோ?"

ஆகவே நான் தேடவில்லை. கண் தானாகப் போன இடங்களை மட்டும் பார்த்தேன். முன் அறையில் ஒரு சுவர்த்தட்டு. அதில் புத்தகங்கள், ஒரு சின்னச் சாடி, எங்கள் இருவரின் படம். எங்கள் படத்தைப் பார்த்ததும் சந்தோசத்துக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. தட்டில் எங்களுக்கு இடம் இருக்கிறது, பிள்ளையாருக்கு இல்லை. அந்தப் பெட்டி எங்கேயும் கண்ணில் படவில்லை. திறந்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும். திறக்காமல் இருந்தாலும் எங்காவது தெரிந்திருக்கும். எங்கே போயிருக்கும்?

காலையில் குளித்து, என் பையில் கொண்டுபோன விபூதியைப் பூசிக்கொண்டு, கிழக்குப் பக்கம் அந்த உடுப்புத் தோய்க்கிற அறையில்தான் நின்று தேவாரம் பாடினேன். மெசின் சுற்றிக்கொண்டிருந்தது. மதுரா உடுப்பு எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் முடிக்கும் வரை அசையவில்லை. திரும்பி விபூதியை நீட்டினேன். நெற்றியைக் காட்டினாள். பூசிவிட்டேன். பிறகு நாள் முழுக்க யோசனை. தனக்காகக் காட்டினாளா, எனக்காகக் காட்டினாளா?

பாத்தியின் மேல்மண் குளிரில் கல்லுப் போல இறுகியிருந்தது. அலவாங்கு இல்லை, மதுராவின் மண்வெட்டியால் கிண்டினேன். நான் பார்த்து வளர்ந்தது இராசவள்ளி நடுகை. ஆழக் குழி, அடியில் குப்பை, எரு, மேலே மண்ணை மேடாகக் குவித்தல். இந்தக் குளிரில் கிழங்கு உறைந்துவிடக்கூடாதே என்று இன்னும் ஆழமாகப் போட்டேன். முழங்கை மறையும் ஆழம். மூன்று குழிகள். வியர்த்து ஊற்றியது, மூச்சுப் புகைபோல வந்தது.

"அப்பா, இவ்வளவு டீப்பா?" என்றாள் மதுரா.

"இது கிழங்கு, பிள்ளை. கிழங்கு பத்திரமா இருக்கவேணும்."

"பங்கர் வெட்டிப் பழகின கையெல்லோ" என்றாள் பவளம், தேநீர்க் கோப்பையோடு வாசல்படியில் இருந்து. "ஷெல் விழுந்தாலும் அந்தக் கிழங்குக்கு ஒண்டும் நடக்காது."

மதுராவுக்கு அந்தப் பகிடி முழுதாக விளங்கியிராது. ஆனாலும் சிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்து எவ்வளவு காலம்.

5

அந்த வருடம் பியோனி இலை மட்டும் விட்டது. முதல் வருடம் அப்படித்தான் என்று மதுரா எங்கோ படித்துச் சொன்னாள். மற்றவை நன்றாக வந்தன. அவள் தன் விருப்பத்துக்கும் செடிகள் வாங்கி இடையில் நட்டிருந்தாள். நீலம், ஊதா, உயரமான புல்வகை, சீடம் என்ற தடித்த இலைச் செடி. என் வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லாம் அவளுடைய ஊதாவுக்குள் அமிழ்ந்துபோயின. தேனீ வருகிறதாம். சாமிக்கு வைக்கக்கூடிய பூ எத்தனை என்று வீடியோவில் எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த மாரிக்கும் போனோம். விடிந்ததும் கதவைத் திறந்தேன்.  பாத்தி முழுவதும் பட்டுப்போய், காய்ந்த தண்டும் கருகிய தலையுமாக, அப்படியே வெட்டாமல் நின்றது. வீட்டு வாசலில், ஆட்கள் வந்து போகிற நேர் வழியில். எங்களுக்குள் செத்த வீட்டு வாசல்கூட அடுத்த நாள் கூட்டித் தெளித்துத் துப்புரவாகிவிடும். பட்ட மரத்தை முகப்பில் விட்டு வைக்கிற ஒரு வீட்டையும் நான் கண்டதில்லை. கையில் கத்தரிக்கோலோடு குனிந்தேன்.

"அப்பா! தொடாதேங்கோ!"

மதுரா இரவு உடுப்போடு, செருப்பில்லாமல் உறைபனியில் ஓடி வந்தாள்.

"காய்ஞ்சு போச்சு, பிள்ளை. வாசலில இப்பிடி நிக்கக்கூடாது."

"இது காய்ஞ்சதில்லை. கீழ உயிரோட இருக்கு. இந்த ஸ்டெம் எல்லாம் அதுக்குப் போர்வை மாதிரி. இதை வெட்டினா குளிர் நேர உள்ள இறங்கும். அங்க பாருங்கோ, குருவி வந்து விதை தின்னுது."

"ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம்?"

"இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் விடுவினம். அப்பா, இஞ்ச வந்து குனிஞ்சு பாருங்கோ. பிளீஸ்."

குனிந்து பார்த்தேன். சீடத்தின் காய்ந்த தலை ஒவ்வொன்றிலும் பனி பூத்திருந்தது. உப்பளத்தில் உப்பு ஏறுவது போல ஒவ்வொரு விளிம்பிலும் வெள்ளை முள். வடிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஹெலிபோர் எங்கே என்று தேடினேன். அது இருந்தது. குனிந்த தலையோடு நாலைந்து பூ. ஒன்றும் பறிக்கப்படவில்லை. தண்டு தண்டாகப் பார்த்தேன். பறித்த அடையாளம் ஒன்றுமே இல்லை.

பவளத்திடம் சொன்னேன். "தேடக்கூடாதெண்டு சொன்னனான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கும் என்னுடைய வருத்தம்தான். அவள் வாயை மூடிக்கொண்டு சுமக்கிறாள், நான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

6

இரண்டாவது வருடமும் பியோனி பூக்கவில்லை. இலை மட்டும் வடிவாக வந்தது. என்னால் இருக்க முடியவில்லை. அந்த வெள்ளைப் பூவில்தான் நான் எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தேன். ஊதாப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று அவளுக்குச் சந்தேகம் வரும், ஹெலிபோரை நஞ்சென்று தொடாமல் விடுவாள், ஆனால் தாமரை போல ஒன்று வாசலில் விரிந்தால் பிள்ளைக்கு வீட்டு நினைவு வராமலா போகும்? இப்படியெல்லாம் எனக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

ஆல்பனிக்குப் போய் ரூத்திடம் முறையிட்டேன்.

"எவ்வளவு ஆழத்தில் வைத்தாய்?" என்றாள்.

பெருமையோடு முழங்கையைக் காட்டினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தன் சுண்டுவிரலை நீட்டி, அதன் பாதியைப் பெருவிரலால் பிடித்துக் காட்டினாள். "இவ்வளவுதான். முளைக்கு மேலே இவ்வளவு மண். குளிர் அதைத் தொடவேண்டும். நீ அதைப் போர்த்திப் புதைத்துவிட்டாய்."

"குளிர் தொட்டால் செத்துப் போகாதா?"

"தொடாவிட்டால்தான் பூக்காது."

திரும்பி வரும்போது பாலத்தில் கார்கள் ஊர்ந்தன.  இவ்வளவு பாடுபட்டு என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். இலை வாடுகிற பருவம் வரும் வரை கிளப்பக்கூடாதாம். சித்திரை வரைக்கும் பொறுத்திருந்தேன். எனக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. மதுராதான் தனியாகக் கிளப்பினாள். போனை வேலிக்கட்டையில் சாய்த்து வைத்திருந்தாள். நானும் பவளமும் ஒடாஹுஹுவில் குசினி மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெதுவா, பிள்ளை. வேர் அறுந்திடும்."

"அப்பா, நான் கிண்டிக்கொண்டே இருக்கிறன், இன்னும் காணேல்லை. பூமியின்ர மற்றப் பக்கத்தால வெளிய வந்திடுவன் போல."

"சுத்திவரக் கிண்டு. கரையில இருந்து."

"கரையில இருந்துதான் கிண்டுறன்!"

பவளம் என் தோளில் அடித்தாள். "அவளை விடுங்கோவன். நீங்கள் கத்துறதில கிழங்கு பயந்து இன்னும் கீழ போகும்."

கடைசியில் மூன்றும் வந்தன, மண் கட்டியோடு, கைக்குழந்தை அளவுக்குப் பெருத்து. மதுரா முகத்திலும் மண். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஏந்தி மேலே வைத்து, சுண்டுவிரலால் அளந்து மண் மூடினாள். ரூத் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள், இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும், இந்த வருடமும் நிச்சயமில்லை என்று. நான் அதை மதுராவிடம் சொல்லவில்லை. எங்கள் பிள்ளையார் கோயிலில் மட்டும் சொன்னேன்.

7

முந்தாநாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் போன் அடித்தது. மதுரா. அந்த நேரத்தில் அவள் அழைப்பதில்லை. என்னவோ ஏதோ என்று பாய்ந்து எடுத்தேன்.

"அப்பா, விரிஞ்சிட்டுது."

போனைத் திருப்பிக் காட்டினாள். இதற்கு முன்னால் நான் படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்த அளவு. வெள்ளைக்குள் வெள்ளை, அதற்குள் இன்னும் வெள்ளை. இதழில் பனித்தண்ணீர். பக்கத்தில் அதே செடியில் இன்னொரு மொட்டு, உருண்டையாக, இறுக மூடிக்கொண்டு. "பவளம், ஓடி வா" என்று கத்தினேன். அவள் பால் அடுப்பில் என்று சொல்லிக்கொண்டே வந்து போனைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஒண்டு கேக்கவோ?" என்றாள் மதுரா. குரல் இறங்கியிருந்தது.

"கேள், பிள்ளை."

"நான் இதை மணந்து பாத்திட்டன். கிட்டப் போனவுடன யோசிக்காமல் மணந்திட்டன். அது பரவாயில்லையோ?"

"எதுக்குப் பரவாயில்லையோ?"

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினாலும் அவள் வாயால் கேட்கவேண்டும் போல இருந்தது.

"வைக்கிறதுக்கு" என்றாள்.

சாமிக்கு வைக்கிற பூவை நாங்கள் மணந்து பார்ப்பதில்லை. அதன் வாசம் முதலில் அவருக்கு. சின்ன வயதில் மதுரா பூவை மூக்குக்குக் கொண்டுபோகும் போதெல்லாம் பவளம் அவளுடைய கையை மெதுவாகத் தட்டிவிடுவாள். அவள் மறந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது. பவளம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் காதுக்குள், "ஓமெண்டு சொல்லுங்கோ. பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

எனக்கும் அதுதான் ஆசை. மூன்று வருடம் நான் காத்திருந்த சொல்லை அவள் சொல்லிவிட்டாள். இப்போது நான் கூடாது என்று சொல்லி, சரி, அப்படியென்றால் வேண்டாம் என்று அவள் விட்டுவிட்டால்? இனி ஒருபோதும் கேட்காமல் போனால்? ஆனால் பரவாயில்லை என்று சொன்னால் அது பொய். என் அம்மா அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில்கூட மணந்த பூவை வைத்ததில்லை. பிள்ளை என்னிடம் சமாளிப்புக் கேட்கவில்லை, முறை கேட்டாள். சாமிக்கோ உங்களுக்கோ என்று முன்பு கேட்டவள் அவள். எனக்காக ஒரு பூவை வைக்கவைத்தால், அந்தக் கேள்விக்கு மறுமொழி நானே சொன்னதாகிவிடும்.

"மற்ற மொட்டு எப்ப விரியும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு. இல்லாட்டி அடுத்த நாள்."

"அப்ப அது விரியட்டும், பிள்ளை. நீ மணந்தது செடியிலேயே நிக்கட்டும், அது உனக்கு."

 அங்கே ஒரு குருவி கத்தியது. 

"இப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு தெரியும்" என்றாள். சிரித்தாளா, மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. "சரியப்பா. வேலைக்கு நேரமாச்சு."

வைத்துவிட்டாள். பவளம் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அன்று பின்னேரம் செய்தியில், தென்தீவின் உட்பகுதிக்கு அடுத்த நாள் விடியப்புறம் உறைபனி வரும், பழத்தோட்டக்காரர்கள் கவனம் என்று சொன்னார்கள். கார்த்திகை மாதத்தில் உறைபனி! நான் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூடச் சொல்லவேண்டும். சொன்னால் நெருக்குகிறேன் என்று ஆகிவிடும். சாமி அறைக்குப் போய் நின்றேன். அவரிடம் நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். உயிர் கேட்டிருக்கிறேன், விசா கேட்டிருக்கிறேன், பிள்ளைக்குப் படிப்புக் கேட்டிருக்கிறேன். ஒரு மொட்டுக்காகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

நேற்று முழுக்க ஒன்றும் வரவில்லை. கிட்டங்கியில் ஒரே பெட்டியை இரண்டு முறை பிழையான தட்டில் ஏற்றிப் பேச்சு வாங்கினேன்.

இன்று காலை போனில் ஒரு படம் வந்தது. கீழே "குட் மோர்னிங் அப்பா" என்று மட்டும் இருந்தது. படத்தில் பாத்தி. அவள் மணந்த பூ செடியிலேயே நின்றது, ஓரம் கொஞ்சம் பழுத்து, முழுக்க விரிந்து. அதன் பக்கத்தில் ஒரு பச்சைத் தண்டு. நுனியில் சரிவாக, புதிதாக வெட்டிய வெட்டு. வீட்டுக்குள்ளே எடுத்த படம் ஒன்றும் அவள் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

பவளம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மற்றப் பூவைக் காணேல்லை."

"ஓம்" என்றேன். "காணேல்லை."